சந்தனம் தின்ற எழுத்து

திருவண்ணாமலை பே கோபுரத் தெருவில் பாதி ஊரின் முகம் ஆதிலட்சுமியின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், பென்ஷனுக்கு அலையும் பெரியவர்கள், துபாய்க்குத் துடிக்கும் பையன்கள், வரன் தேடும் பெண்கள் என்று எல்லோரையும் நீலத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, "தோள எறக்குங்க, மூஞ்ச இறுக்காதீங்க" என்று அதட்டி அதட்டிச் சேர்த்த முகங்கள். அந்தச் சித்ரா பௌர்ணமியன்று அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு முகம். அவள் புருஷன் காசியின் முகம். அதைத்தான் அந்தப் பெட்டி தரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

காசி முதல் நாள் மத்தியானம் காணாமல் போயிருந்தார். கடை வாசலில் முக்காலி போட்டு, கையில் ஒரு பன் ரொட்டியைக் கொடுத்து, "இங்கயே உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. அதை உருவி எடுத்துத் திரும்பினால் முக்காலி காலி. தெருவிலே ஜனம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. ஆந்திராவிலிருந்தும் சென்னையிலிருந்தும் மலை சுற்ற வந்த கூட்டம். அந்த ஆற்றில் ஒரு மனுஷனைத் தேடுவதும், கிணற்றில் விழுந்த உப்பைத் தேடுவதும் ஒன்றுதான்.

தேடாத இடமில்லை. பூக்கடை ஆராயியும் அவளும் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். கடைசியில் போலீஸ் பந்தலுக்குப் போய், கல்யாணப் போட்டோவை நீட்டினாள். ஏட்டு அதை வாங்கிப் பார்த்தார். சுருள்முடியும் அரும்புமீசையுமாக ஒரு வாலிபன் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, நீ சொல்றவருக்குத் தலை முடி இல்ல, தாடை கோணல்ங்கற. இதுல இருக்கறவரு மாப்பிள்ள மாதிரி ஜம்முனு இருக்காரு. இத வச்சித் தேடினா, அவரே பக்கத்துல வந்து நின்னாலும் எங்களுக்குத் தெரியாது. இப்ப எப்படி இருக்காரோ அந்தப் போட்டோ கொண்டா. எல்லா ஊரு பஸ் ஸ்டாண்டுக்கும் அனுப்பி வைக்கறேன்."

ஏட்டு கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் போட்டோவை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் போட்டோ பிடிக்கிறவள், சொந்தப் புருஷனுக்கு ஒரு பிரிண்ட் போட்டு வைக்கவில்லை.

காசி பிறந்தபோதே கண்டக்டராகப் பிறந்தவர் என்று ஆராயி சொல்லுவாள். கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் தோளில் பையோடு நின்றவர், இருபது வருஷம் நின்றார். அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பஸ்ஸில் யார் எதை மறந்துவிட்டுப் போனாலும், குடையோ கொடுவாளோ, உரியவர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை. சும்மாவும் கொடுக்கமாட்டார். டிக்கெட்டின் பின்பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்குவார். "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்பார். அப்புறம்தான் கிளம்புவார்.

ஆதிலட்சுமிக்கு வாழ்க்கை அமைந்ததே அந்தக் கிறுக்கால்தான். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை போடும் வீட்டுப் பெண் அவள். எண்பத்தொன்பதில் திருவண்ணாமலைக்கு டைப் அடிக்கப் படிக்க வந்துகொண்டிருந்தபோது, டிபன் டப்பாவைப் பஸ்ஸில் விட்டுவிட்டாள். மூடியில் அவள் பெயரும் அப்பா பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதை வைத்து ஊருக்குள் விசாரித்துக்கொண்டு, மறுநாள் வாசலில் வந்து நின்றார் காசி. டப்பாவைக் கழுவி வேறு கொண்டுவந்திருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."

"காலி டப்பாவுல இன்னாத்தப் பாக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டாள். அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. குழந்தை இல்லை, அதற்காக இருவரும் கோயில் கோயிலாக அலையவும் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் காசி போட்டோவுக்கு நின்றதே கிடையாது. "எதுக்கு, நான்தான் தினம் வரேனே" என்பார்.

இரண்டாயிரத்து மூன்றில் கடை போட்டார்கள். கம்ப்யூட்டர் வாங்க வேலூருக்குத் தனியாகப் போனவர் காசிதான். விற்கிறவர், "விண்டோஸ் சும்மாவே ஏத்தித் தரேங்க, எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க" என்றிருக்கிறார். இவருக்கு வந்ததே கோபம். "டிக்கெட் இல்லாம ஒரு ஆள ஏத்தினா என் வேல போயிடும். நான் மட்டும் டிக்கெட் இல்லாம ஏறுவனா?" என்று கேட்டு, காசு கொடுத்து ஒழுங்காக வாங்கி வந்தார். அதற்கு அத்தாட்சியாக ஒரு சின்ன ஸ்டிக்கரைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டித் தந்திருந்தார்கள். எந்த விண்டோஸ், அதன் நம்பர் என்ன என்பதெல்லாம் அதில் பொடி எழுத்தில் இருந்தது. காசி அதை டிக்கெட் என்றே சொல்லுவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பஸ்ஸுக்கு முன்கண்ணாடிக்குக் கீழே பொட்டு வைத்துப் பழகிய மனுஷன், கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். திரையில் வைத்தால் கறை. தட்டுகிற பலகையில் வைத்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். "டிக்கெட்டு மேல வைப்போம், அதான் மரியாத" என்று ஸ்டிக்கரின்மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். பூஜை முடிந்ததும் ஆதிலட்சுமி ஈரத் துணியால் துடைத்தாள். வருஷா வருஷம் பூசினார், இவள் துடைத்தாள். பக்தியைப் போல எழுத்தை அழிக்கிற ரப்பர் வேறு கிடையாது.

அப்புறம் பஸ் கவிழ்ந்தது. எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கப் போய் ஏரிக்கரையில் சரிந்தது. படிக்கட்டில் நின்றிருந்த காசிக்குத் தாடை உடைந்தது. தலைக்குள் என்ன உடைந்தது என்று டாக்டர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. பிழைத்து வீட்டுக்கு வந்தவருக்குப் பேர் தெரியும், எழுதப் படிக்கத் தெரியும், பஸ் நிற்கிற ஊர்களை வரிசை தப்பாமல் சொல்லுவார். பெண்டாட்டியை மட்டும் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. சொந்த முகமோ சுத்தமாகத் தெரியாது. கண்ணாடியைப் பார்த்து, "யாருங்க இவுரு, நம்ம ஊட்ல?" என்று கேட்டார். அவள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு அவளே சந்தனம் பூசினாள். வேண்டுதல் மாதிரி இரண்டு மடங்கு தடிப்பாகப் பூசினாள்.

ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் போட்டோ வேண்டும். ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நீலத் துணிக்கு முன்னால் காசியை உட்கார வைத்து நேராக, இடமாக, வலமாக மூன்று படம் எடுத்தாள். பிரிண்ட் போடத்தான் கை வரவில்லை. விண்ணப்பத்தில் ஒட்டிவிட்டால் இவர் இனி இப்படித்தான் என்று ஒப்புக்கொண்டது ஆகிவிடுமே. கடைக்கு வருகிறவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது வேறு வழக்கம். அந்தக் கோணல் தாடையை யாரும் பார்த்து உச்சுக் கொட்டுவது அவளுக்குப் பொறுக்காது. அதனால் 'அவர்' என்று ஒரு போல்டர் போட்டு, மூன்று படத்தையும் அதில் தள்ளி, எதையோ அழுத்திப் பூட்டினாள். கேமராவிலிருந்ததை அழித்தாள். அதோடு இரண்டு வருஷம் ஓடிப்போனது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆன் செய்தால் கறுப்புத் திரை, ஒரு வெள்ளை வரி, மறுபடியும் முதலிலிருந்து. ஜெராக்ஸ் ஓடுகிறதே, பௌர்ணமி போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தாள்.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பௌர்ணமியன்று காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள ஒரு மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் பல் தேய்த்துக்கொண்டே பேசினார். "ஃபார்மேட் அடிச்சிட்டா புதுசாட்டம் ஆயிடும்மா."

"உள்ள இருக்கற போட்டோ?"

"அது போயிடும். மறுபடி எடுத்துக்குங்க."

மறுபடி எடுத்துக்கொள்ள ஆள் எங்கே? அவள் போனை வைத்தாள். காசிக்கு எந்தப் பஸ்ஸைப் பார்த்தாலும் ஏறுகிற பழக்கம். பௌர்ணமி ஸ்பெஷல் பஸ்கள் நாலு திசைக்கும் போகின்றன. இந்நேரம் விழுப்புரமோ, பெங்களூரோ. பசி என்றால் சொல்லத் தெரியாத ஆள். நேரம் ஆக ஆக அவர் தூரம் போய்க்கொண்டே இருந்தார்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் தன்யகுமார் என்று ஒருவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறான், அவசரப்படாத ஆள் என்று ஆராயி சொன்னாள். போளூர்ப் பக்கத்துச் சமணர் வீட்டுப் பிள்ளை. ஆனால் பௌர்ணமிக்குத் தெருவில் வண்டி விடமாட்டார்கள். ஆதிலட்சுமி பெட்டியின் வயர்களைப் பிடுங்கினாள். பழைய புடவையில் சுற்றினாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள்.

"வழி விடுங்க, கொழந்தையத் தூக்கினு வராங்க" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் ஒதுங்கியது. ஒரு தெலுங்கு அம்மாள் புடவைமேல் விபூதியைத் தூவிவிட்டுப் போனாள். வேறு நாளாக இருந்தால் ஆதிலட்சுமி சிரித்திருப்பாள். அன்று அவள் எதிரே வருகிற ஒவ்வொரு மொட்டைத் தலையையும் பார்த்துக்கொண்டே போனாள். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டவர்கள் ஆயிரம் பேர். ஒவ்வொருவரும் பின்பக்கத்தில் காசி, முன்பக்கத்தில் வேறு யாரோ. தடுப்பைத் தாண்டி ஆட்டோ பிடித்தபோது அவளுக்கு இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை.

தன்யகுமாருக்கு முப்பது வயது இருக்கும். அவள் அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் பட்டறையில் இருந்த பழைய மெஷினோடு இணைத்தான்.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆவலக்கா. போட்டோ உள்ளாரதான் இருக்குது. இதோ, 'அவர்'னு போல்டர்."

மூன்று படங்களின் பெயரும் கறுப்பு எழுத்தில் தெரிந்தன. முதலாவதைத் தட்டினான். அனுமதி இல்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"பூட்டி வச்சிருக்கீங்களா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு எதையோ அமுக்கினேன் தம்பி. இன்னான்னு இப்ப ஞாபகம் வரலையே."

அவனுக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தான். மத்தியானம் வரை பார்த்தான். பூட்டு அசையவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். படம் இருக்கிறது, அவர் பெயரில் இருக்கிறது, திறக்க மட்டும் முடியவில்லை.

"ஆளாளுக்கு ஒரு பூட்டு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டுக்கறாங்க, உங்களுது எதுன்னு புரியல. எதுவா இருந்தாலும் உங்க விண்டோஸ் எழுந்து உக்காந்தா தானாத் தொறக்கும். அத அழிச்சிட்டுப் புதுசு ஏத்தக் கூடாது. சாவியும் சேந்து போயிடும். பழசு மேலயே பழசப் போட்டு எழுப்பணும்." டிஸ்க்கை மறுபடி அவள் பெட்டியில் மாட்டிக்கொண்டே கேட்டான். "உங்களுது ஹோமா, புரொஃபஷனலா?"

"அப்படின்னா?"

"இந்த விண்டோஸ் எக்ஸ்பியில ரெண்டு வகை இருக்குதுக்கா. வீட்டுக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு. எது இருந்துச்சோ அதே சிடியத்தான் போடணும். ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்களே, பாத்துடலாம்."

பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பினான். ஸ்டிக்கர் இருந்தது. மஞ்சளும் செம்மண் நிறமுமாக ஒரு சதுரம். எழுத்து என்று ஒரு புள்ளி கூட இல்லை. நகத்தால் லேசாகச் சுரண்டினான். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அடியில் வெறும் வெள்ளைத் தாள்.

"இன்னாக்கா இது?"

"பொட்டு வச்சோம்" என்றாள் ஆதிலட்சுமி. சாமி, அவர் நல்லா இருக்கணும்னு வைத்த பொட்டு. அதையே இப்படித் திருப்பி அடிப்பாயா? அண்ணாமலையாரை அன்றைக்கு அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

தன்யகுமார் தண்ணீர் கொடுத்தான். "வாங்கினப்ப எதனா பேச்சு வந்துச்சா? யோசிச்சிப் பாருங்க."

அவள் கண்ணை மூடி யோசித்தாள். வேலூரிலிருந்து வந்த அன்று காசி கடைக்காரரோடு நடந்த சண்டையை நடித்தே காட்டியிருந்தார். அதில் 'ஹோம்' என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. புரொஃபஷனல் என்று காசியின் வாயில் வந்ததாக ஞாபகமே இல்லை.

"ஹோம்தான் தம்பி. ஹோம், ஹோம்னு சொன்னாரு. நல்லா ஞாபகம் இருக்குது."

"இந்தப் பக்கம் சின்னக் கடைங்கள்ல ஜாஸ்தி அதான் இருக்கும்" என்று அவனும் ஒத்துக்கொண்டு, ஹோம் சிடியைப் போட்டான். நீலத் திரை வந்தது. ஏதேதோ ஓடியது. அவன் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தான். ரிப்பேர் செய்யவா என்று அது கேட்க வேண்டும். கேட்கவில்லை. புதிதாக ஏற்றவா என்று மட்டும் கேட்டது.

தன்யகுமார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, பழசு அடையாளமே தெரியாத அளவுக்குக் கெட்டுப் போச்சி போல. ரிப்பேர்னே கேக்க மாட்டேங்குது. புதுசுதான் ஏத்தியாகணும். மெஷின் ஓடும். அந்தப் போட்டோவுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க."

அவன் விரல் பலகைக்கு மேலே நின்றது. ஆதிலட்சுமிக்குத் தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது. இனி சாண் என்ன, முழம் என்ன? போகட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் கண் அந்த நீலத் திரையிலேயே இருந்தது. நீலம். அவரை உட்கார வைத்த துணியின் நீலம். அன்றைக்கு அவர் கேமராவைப் பார்க்காமல், "இந்த ஆள எதுக்குங்க புடிக்கறீங்க, பாவம்" என்று கேட்டது. அதைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே படங்களைப் பூட்டியது. பூட்டியதும் பெயரெல்லாம் நிறம் மாறியது.

"பச்சையா ஆச்சு தம்பி."

"இன்னாது?"

"பூட்டினப்ப, அந்த மூணு போட்டோ பேரும் பச்சையா மாறிச்சி. மத்ததெல்லாம் கறுப்பு. இங்க உங்க மெஷின்ல எல்லாம் கறுப்பாவே தெரிஞ்சிதா, அதான் எனக்கு ஞாபகமே வரல."

தன்யகுமார் பாம்பை மிதித்தவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான். "பச்சையா? நெசமாவா? அக்கா, என் மெஷின் பழசு, அதுல பச்ச காட்டாது. தனியா வாங்கிப் போட்ட பூட்டு இல்ல இது. விண்டோஸே போடற பூட்டு. ஹோம்ல இந்தப் பூட்டே கெடையாது!" எழுந்து நின்றுவிட்டான். "இது கெட்டுப் போகல. நாமதான் தப்பான சிடியப் போட்டுட்டு, பழசு செத்துப்போச்சின்னு சொல்லிக்கினு இருக்கோம்."

ஹோம் சிடியை வெளியே எடுத்துவிட்டு, புரொஃபஷனல் சிடியைப் போட்டான். அதே நீலத் திரை. அதே ஓட்டம். இந்த முறை நின்று கேட்டது: இங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதைச் சரி செய்யவா?

அப்போதுதான் காசி நடித்துக் காட்டிய சண்டையின் மிச்சமும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஹோம் என்று சொன்னவர் கடைக்காரர். "ஹோம் கம்மி வெலைங்க, ஹோமே எடுத்துக்குங்க" என்றிருக்கிறார். காசி விடவில்லை. "தொழிலுக்கு வாங்கறத ஊட்டுக்குன்னு சொல்லி வாங்கறது, மீச மொளச்சவன அர டிக்கெட்ல ஏத்தற மாதிரி. முழு டிக்கெட் குடுய்யா" என்றிருக்கிறார். அந்த நேர்மைக்காரர் முழு டிக்கெட் எடுத்ததால்தான் பூட்டே இருந்தது. அதனால்தான் பச்சையே வந்தது. ஆதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரிப்பேர் ஓட ஆரம்பித்தது. நடுவில் நம்பர் கேட்டது. சந்தனம் தின்ற நம்பருக்கு எங்கே போவது? தன்யகுமார் தன் சிடியின் நம்பரைப் போட்டான். "இன்னிக்கு ஒரு நாள் டிக்கெட் இல்லாமத்தாங்க" என்று அவள் மனதுக்குள் காசியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தன்யகுமாரின் வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியர் மேஜையில் திறக்காமல் இருந்தது. பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சாப்பிடமாட்டார்கள்; சமணர் வழக்கம். "சாப்புடு தம்பி" என்றாள். "இத வுட்டுட்டு எழுந்திருக்க முடியாதுக்கா" என்றான். வெயில் சுவரை விட்டு இறங்கி, படியை விட்டு இறங்கி, காணாமல் போனது. அவன் கேரியரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான். அந்த ஒரு கேரியருக்கு அவள் ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டாள்.

மெஷின் எழுந்தது. அவளுடைய பழைய திரை, அவளுடைய பழைய படம். 'அவர்' போல்டரைத் தட்டினாள். மூன்று பெயர்கள், பச்சைப் பசேலென்று. முதலாவதைத் தட்டினாள்.

காசி வந்தார். கேமராவுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு, முடியில்லாத தலையும், ஒரு பக்கம் சரிந்த தாடையும், இறக்காத தோளுமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாக அவள் திறந்து பார்க்கப் பயந்த படம். இப்போது திரையிலே கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

தன்யகுமாரின் பிரிண்டரிலேயே நோட்டீஸ் போட்டார்கள். காணவில்லை. பெயர் காசி. முன்பு பஸ் கண்டக்டர். பார்த்தவர்கள் பே கோபுரத் தெரு, காசி போட்டோ ஜெராக்ஸுக்குத் தகவல் தரவும். ஏட்டு ஒரு கட்டு நோட்டீஸை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுகளுக்கு அனுப்பினார். ஆராயி பசை காய்ச்சினாள். அடி அண்ணாமலை வரைக்கும் சுவர் சுவராக, கம்பம் கம்பமாக ஒட்டினார்கள்.

மறுநாள் காலையில் ஒரு போன் கூட வரவில்லை. கூட்டம் வடிந்து தெரு முழுக்கத் தண்ணீர்ப் பாக்கெட்டும் செருப்புமாகக் கிடந்தது. யாரோ ஒருவர் வந்து, ஒட்டன்சத்திரத்தில் பார்த்த மாதிரி இருந்தது என்றார். விசாரித்தால் அது போன மாசமாம். ஆதிலட்சுமி கடையைத் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியைப் பார்த்தபடி இருந்தாள். பசியில்லை, அழுகையும் இல்லை. போட்டோ கிடைத்தால் ஆளும் கிடைத்த மாதிரி என்று நேற்று நினைத்தது எத்தனை முட்டாள்தனம் என்று தோன்றியது. சுவரெல்லாம் அவர் இருந்தார். வீட்டில்தான் இல்லை.

மத்தியான வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது.

"யம்மா, காசி போட்டோ ஜெராக்ஸ் இதானே?"

நிமிர்ந்தாள். காசி நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நெற்றியில் யாரோ விபூதி பூசியிருந்தார்கள். எங்கே போனார், எதைத் தின்றார், அண்ணாமலையாருக்குத்தான் வெளிச்சம். கையில் ஒரு தாள், ஓரம் கிழியாமல் பதமாக உரித்து எடுத்தது. அவருடைய நோட்டீஸ்.

எதிரே ஆராயியின் கையிலிருந்து பூ மொத்தமும் தரையில் விழுந்தது.

"செவுத்துல ஒட்டியிருந்துச்சி. இந்த ஆளக் காணமாம். அட்ரஸ் உங்குளுதுதான போட்டிருக்குது, அதான் கொண்டாந்தேன்." காசி தாளைக் கல்லாவின்மேல் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். "தாடையில அடி பட்டிருக்குது பாருங்க, பாவம். பேரு கூட என் பேருதான். ஊட்ல இருக்கறவங்க எப்படித் தவிச்சிக்கினு இருக்காங்களோ."

"ஆமாங்க" என்றாள். "ரொம்பத் தவிச்சிட்டாங்க."

"கெடைச்சிடுவாரு. பொருளே கெடைச்சிடுது, மனுஷன் கெடைக்கமாட்டாரா?" சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். இல்லை. கல்லாவில் கிடந்த அவளுடைய பேனாவை எடுத்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை அவள் முன்னால் நகர்த்தினார். "வாங்கினேன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா. நமக்கு ஒரு கணக்கு வேணும் இல்ல?"

ஆதிலட்சுமி பேனாவை வாங்கினாள். கண்ணீரில் தாள் மிதந்தது. கீழ்பென்னாத்தூர் வாசலில் எழுதிய அதே வார்த்தையை எழுதினாள்: பெற்றுக்கொண்டேன். கீழே பெயரைப் போட்டாள்.

காசி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். திருப்தியாகத் தலையாட்டினார். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."

அவள் பார்த்தாள். செருப்பில்லாத காலிலிருந்து மாறிப்போன பொத்தான் வரைக்கும், சரிந்த தாடையிலிருந்து வெயிலில் கன்றிப்போன மொட்டைத் தலை வரைக்கும், ஒன்று விடாமல் பார்த்தாள். கல்லாவைச் சுற்றி வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றாள்.